இரண்டு ராத்திரி, ஒரே ஊர்: குளிர்காலப் பிறந்தநாள் பயணம் பற்றி நம் மாவட்டத் தம்பதிகள் கேட்கும் கேள்விகள்

கிருஷ்ணகிரி, தருமபுரி, ஓசூர், அரூர் பக்கத்திலிருந்து கணவன் மனைவி இரண்டு பேர் மட்டும், ஒருவருடைய பிறந்தநாளைச் சாக்கு வைத்து, பனிக்காலத்தில் ஒரு நகரத்துக்குப் போய் நிதானமாக இருந்துவிட்டு வர நினைத்தால், அவர்களுக்காகத்தான் இது. தேனிலவு ஜோடிகளுக்கு இதில் பெரிதாக ஒன்றும் இல்லை. கல்யாணமாகிப் பத்து வருடமாவது ஆகி, பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள், வீட்டுக் கடன், வயதான பெற்றோர் என்று எல்லாம் இருப்பவர்கள்தான் என்னிடம் அதிகம் கேட்கிறார்கள். அவர்களுக்குப் பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியல் தேவையில்லை, அது எல்லார் போனிலும் இருக்கிறது. அலையாமல் இருந்துவிட்டு வரத்தான் வழி கேட்கிறார்கள்.

எந்த ஊருக்குப் போகலாம்?

என்னைக் கேட்டால் மைசூர். கிருஷ்ணகிரியிலிருந்து ஏறக்குறைய 240 கிலோமீட்டர். சாப்பிட, டீ குடிக்க நிறுத்தினாலும் காலையில் கிளம்பி மதியம் அறைக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம். அரண்மனை, மார்க்கெட், மலை, ஏரி எல்லாம் பக்கத்தில் பக்கத்தில். தமிழிலேயே பேசிச் சமாளிக்கலாம். ஓசூர்க்காரர்களுக்குக் கன்னடமும் வரும், கேட்கவே வேண்டாம். பெங்களூரு போல எந்நேரமும் ஓடிக்கொண்டிருக்கும் ஊர் இல்லை, ஒன்பதரை மணிக்கெல்லாம் கடைத்தெரு அடங்கிவிடும். ஓய்வுக்குப் போகிறவர்களுக்கு அதுதானே வேண்டும்.

நம் மாவட்டத்துக்காரர்களுக்கு இன்னொரு ஒட்டுதலும் உண்டு. கிருஷ்ணகிரிக் கோட்டையும், பாராமகால் என்று அன்று பெயர் வழங்கிய நம் சீமையும் ஐதர் அலி, திப்பு கையில் இருந்தவை. 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் எழுதிய உடன்படிக்கையில்தான் திப்பு இதைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தார். மைசூருக்குச் சற்று முன்னால், போகிற வழியிலேயே இருக்கிறது அந்த ஊர். அதைச் சுற்றி ஓடும் காவிரிதான் அப்புறம் ஒகேனக்கல்லுக்கு வந்து விழுகிறது.

பெங்களூரு பக்கத்திலேயே இருக்கிறதே, அங்கேயே போனால் என்ன?

ஒரே ராத்திரிதான் கிடைக்கும் என்றால் போகலாம். இரண்டு ராத்திரி இருந்தால் வேண்டாம் என்பேன். ஓசூரில் பாதிப் பேருக்கு அது வேலைக்குப் போகும் ஊர், இன்னும் பாதிப் பேருக்கு ஆஸ்பத்திரிக்குப் போகும் ஊர். அங்கே போய் லீவில் இருக்கிறோம் என்ற நினைப்பு வர ரொம்ப நேரம் ஆகும்.

போவதாக இருந்தால் காரை நகருக்குள் கொண்டுபோகாதீர்கள். 2025 ஆகஸ்டில் திறந்த மெட்ரோ மஞ்சள் தடம் ஓசூர் ரோட்டில் பொம்மசந்திராவிலிருந்து கிளம்புகிறது. ஆர்.வி. ரோடு நிலையத்தில் பச்சைத் தடத்துக்கு மாறினால் லால்பாக் தோட்டத்தின் பக்கத்திலேயே இறங்கலாம். குடியரசு தினத்தை ஒட்டி லால்பாக்கில் மலர்க் கண்காட்சி நடக்கும். பூ பார்க்க ஆசை என்றால் வார நாளில் காலையிலேயே போய்விடுங்கள், ஞாயிற்றுக்கிழமை போனால் மனிதத் தலைகளைத்தான் பார்க்க வேண்டும். தருமபுரிக்காரர்களுக்கு வந்தே பாரத் ரயிலும் இருக்கிறது. கோவை–பெங்களூரு வண்டி தருமபுரியிலும் ஓசூரிலும் நிற்கிறது.

புதுச்சேரி?

ரொம்ப நல்ல ஊர்தான், ஆனால் பொங்கலுக்கு அப்புறம். நவம்பர் கடைசியும் டிசம்பர் முதல் பாதியும் அந்தக் கரைக்குப் புயல் காலம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்ததும், அடுத்த இரண்டு நாளில் நம்முடைய ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. அளவுக்கு மழை கொட்டியதும், பஸ் ஸ்டாண்ட் பக்கம் நிறுத்தியிருந்த வண்டிகளை வெள்ளம் இழுத்துக்கொண்டு போனதும் யாருக்கும் மறந்திருக்காது. புதுச்சேரிக்குப் போகும் சாலையே ஊத்தங்கரை வழிதான்.

ஜனவரி பிற்பாதியில் வானம் தெளிந்துவிடும். கடற்கரைச் சாலையில் மாலை ஆறு மணியிலிருந்து மறுநாள் காலை வரை வாகனம் விடமாட்டார்கள். கை கோத்து நடந்தாலும் யாரும் திரும்பிப் பார்க்காத தமிழ் ஊர் அது ஒன்றுதான் என்று என் மனைவி சொல்வாள். வெள்ளைக்காரத் தெருக்களில் மஞ்சள் சுவர் வீடு ஒன்றில் அறை எடுத்துக்கொண்டால் வண்டியையே தொட வேண்டியதில்லை. ஆரோவில் மாத்ரி மந்திருக்குள் போக முன்பதிவு வேண்டும், நேரில் போய்க் கேட்டால் கிடைக்காது.

ஒரு எச்சரிக்கை. வழியில் திருவண்ணாமலை வருகிறது. பௌர்ணமியன்றோ கார்த்திகைத் தீபத்தை ஒட்டியோ அந்த வழியாகப் போனால் கிரிவலக் கூட்டத்தில் சிக்கிக்கொண்டு பிறந்தநாளைக் காருக்குள்ளேயே கொண்டாட வேண்டியதுதான். காலண்டரைப் பார்த்துவிட்டு அறை போடுங்கள்.

மார்கழிக் கச்சேரிக்குச் சென்னை போகலாமா?

இரண்டு பேருக்கும் பாட்டு பிடித்தால் மட்டும். ஒருவர் ரசிக்க, இன்னொருவர் கொட்டாவி விட்டுக்கொண்டு கேன்டீன் எப்போது திறக்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தால் அது பிறந்தநாள் இல்லை. டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி முதல் வாரம் வரை சீசன். மதியக் கச்சேரிகளுக்குப் பல சபாக்களில் டிக்கெட்டே வாங்க வேண்டாம், இலவசம். போகும் வழியில் ஆம்பூர் வருகிறது, பிரியாணிக்கு நிறுத்தாமல் போகிறவர்களை நான் பார்த்ததில்லை.

எந்தத் தேதியில் போவது நல்லது?

கிறிஸ்துமஸ் முதல் ஜனவரி 2 வரை எந்த ஊருக்கும் போகாதீர்கள். அறை வாடகை ஏறிக் கிடக்கும், வரவேற்பு மேஜையில் பேச ஆள் கிடைக்காது, சாப்பாட்டுக்கு வரிசையில் நிற்க வேண்டும். பொங்கல் வாரத்தில் வீட்டை விட்டு நகர முடியாது, மாடு கும்பிட வேண்டும். ஆக நம் பக்கத்துக்குச் சரியான காலம் ஜனவரி மூன்றாம் வாரத்திலிருந்து பிப்ரவரி நடு வரை. பனி இருக்கும், மழை இருக்காது, வெயில் இன்னும் ஏறியிருக்காது. பிப்ரவரி 14-ஐ மட்டும் தவிர்த்துவிடுங்கள். ஓசூர் ரோஜாவுக்கே அன்று விலை எகிறிவிடும், ஓட்டல்காரர்கள் சும்மா இருப்பார்களா?

கிழமையும் முக்கியம். மைசூருக்கு ஞாயிறு போய் செவ்வாய் திரும்புவதுதான் என் கணக்கு. அரண்மனைக்கு ஞாயிறு இரவு விளக்கு போடுவார்கள், அதைப் பார்த்துவிடலாம். வார இறுதிக் கூட்டம் அன்று மாலையே பெங்களூருக்குத் திரும்பிவிடும். திங்கட்கிழமை ஊர் முழுக்க உங்களுக்கு. மிருகக்காட்சி சாலையும் காரஞ்சி ஏரியும் செவ்வாய் விடுமுறை, அதனால் அவற்றில் ஏதாவது பார்க்க நினைத்தால் திங்களிலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

பிறந்தநாள் அன்றைக்கே போகாவிட்டால் பரவாயில்லையா?

நம் வயதுக்காரர்களில் பாதிப் பேருக்குச் சான்றிதழில் மே மாதமோ ஜூன் மாதமோதான் பிறந்தநாள். பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் போட்ட தேதி அது. அம்மாவைக் கேட்டால், "நீ தை மாசம், ராகி அடிச்சுக்கிட்டு இருந்தப்போ பொறந்த" என்பார். அப்படிப்பட்ட நமக்குத் தேதியைப் பிடித்துக்கொண்டு தொங்க என்ன இருக்கிறது? பிறந்தநாளுக்கோ நட்சத்திரத்துக்கோ அன்று காலையில் உள்ளூர்க் கோயிலில் அர்ச்சனை, வீட்டில் பாயசம். அது குடும்பத்துக்கு. பயணம் அதற்கு அடுத்து வரும் வசதியான ஞாயிறு. அது உங்கள் இருவருக்கு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பினால்தான், "எங்களை விட்டுட்டுப் பொறந்தநாள் கொண்டாடப் போறாங்க" என்ற பேச்சு வரும்.

ஒருவருக்கு டிசம்பர், இன்னொருவருக்கு பிப்ரவரி என்றால் இரண்டுக்கும் சேர்த்து ஒரே பயணமாக ஜனவரி கடைசியில் வைத்துக்கொள்ளலாம். செலவும் பாதி.

அவர் சபரிமலைக்கு மாலை போட்டிருக்கிறார், என்ன செய்வது?

காத்திருங்கள். கார்த்திகை முதல் தேதி போட்ட மாலை, மகரவிளக்குக்குப் போகிறவர் என்றால் ஜனவரி நடுவில்தான் கழலும். மேல்மருவத்தூர் இருமுடியும் தைப்பூசப் பாதயாத்திரையும் அதே காலத்தில்தான் வரும். விரதத்தில் இருப்பவரை வெளியூருக்குக் கூட்டிப்போய், அவர் தரையில் படுத்துக்கொள்ள நீங்கள் கட்டிலில் படுத்து என்ன பிறந்தநாள்? நான் சொன்ன ஜனவரி கடைசிக்கு இதுவும் ஒரு காரணம்.

பிள்ளைகளை யாரிடம் விடுவது? மாமியாரிடம் எப்படிச் சொல்வது?

உண்மையில் இதுதான் முதல் கேள்வியாக இருந்திருக்க வேண்டும். போகலாம் என்று பேச்செடுத்த பாதிப் பயணங்கள் இங்கேதான் நின்றுபோகின்றன.

சொல்ல வேண்டியது கணவன். மருமகள் வாயிலிருந்து வந்தால் அது வேறு மாதிரி கேட்கும். "அம்மா, இவளுக்குப் பொறந்தநாள் வருது, ரெண்டு நாள் மைசூர் போய்ட்டு வர்றோம், பசங்க உன்கிட்ட இருக்கட்டும்" என்று மூன்று வாரம் முன்பே நேராகச் சொல்லிவிட வேண்டும். ஆபீஸ் வேலை, டிரெய்னிங் என்று கதை கட்ட வேண்டாம், யாராவது ஒருவர் ஸ்டேட்டஸில் போட்டோவைப் பார்த்துவிடுவார். "நாங்களும் வர்றோமே" என்று வந்தால், கோடை லீவில் எல்லாரும் ஊட்டி போகலாம் என்று சொல்லுங்கள். சொன்னால் கட்டாயம் கூட்டிப்போகவும் வேண்டும்.

திங்கள், செவ்வாய் பள்ளி நாள். பெரியவர்களால் பிள்ளைகளைக் கிளப்ப முடியுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அத்தை, சித்தி யாராவது ஒருவர் வந்து இரண்டு நாள் தங்கினால் பாரம் குறையும். தேர்வு வாரமாக இல்லாமல் பார்த்துக்கொள்வது பெற்றோர் இருவரின் நிம்மதிக்கும் நல்லது.

மாடு இருக்கும் வீடு என்றால் அது தனிக் கவலை. காலை, மாலை இரண்டு வேளையும் பால் கறந்து சொசைட்டிக்கு ஊற்ற வேண்டும். புது ஆள் கை வைத்தால் சில மாடு உதைக்கும், சில மாடு பாலை அடக்கிக்கொள்ளும். கறக்கப்போகிற பங்காளியை நாலு நாள் முன்னாலிருந்தே வந்து கறக்கச் சொல்லிப் பழக்கிவிடுங்கள். அந்த இரண்டு நாள் பால் பணம் அவருக்கே என்று சொல்லிவிட்டால் பேச்சு முடிந்தது.

காரில் எந்த வழி?

கிருஷ்ணகிரியிலிருந்து சூளகிரி, ஓசூர், அத்திப்பள்ளி, எலக்ட்ரானிக் சிட்டி. அங்கே நைஸ் ரோட்டில் ஏறினால் பெங்களூருக்குள் போகாமலே மைசூர் ரோட்டில் போய்ச் சேரலாம். அதற்குத் தனிச் சுங்கம். காசைப் பார்த்து நகருக்குள் நுழைந்தீர்கள் என்றால் கிருஷ்ணகிரியிலிருந்து வந்த நேரம் மறுபடியும் ஆகும். அப்புறம் 2023 மார்ச்சில் திறந்த பெங்களூரு–மைசூர் விரைவுச் சாலை. தருமபுரிக்காரர்கள் பாலக்கோடு, ராயக்கோட்டை வழியாக நேரே ஓசூருக்கு வந்துவிடலாம், கிருஷ்ணகிரி சுற்ற வேண்டாம்.

அதிகாலை நாலு மணிக்குக் கிளம்பும் நம் ஊர்ப் பழக்கத்தை இந்தப் பயணத்துக்கு விட்டுவிடுங்கள். ஜனவரியில் சூளகிரிக்கும் ஓசூருக்கும் இடையில் பனிமூட்டம் இறங்கினால் முன்னால் போகும் லாரியின் பின்விளக்கே பக்கத்தில் போன பிறகுதான் தெரியும். ஓரத்தில் விளக்கில்லாமல் நிற்கும் லாரி அதைவிட ஆபத்து. ஏழரைக்கு மேல் வீட்டிலேயே இட்லி சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். ஞாயிறு காலை ஓசூர் ரோடும் காலியாக இருக்கும்.

தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி பக்கமாகக் காட்டு வழியில் குறுக்கே போகலாம் என்று மேப் காட்டும். பகலில் அழகான பாதைதான். ஆனால் ராகி அறுப்புக் காலத்திலிருந்து யானைக் கூட்டங்கள் ஜவளகிரி, தேன்கனிக்கோட்டைக் காடுகளில் சுற்றிக்கொண்டிருக்கும். விடியும் முன்னும் இருட்டிய பின்னும் அந்தப் பக்கம் வேண்டவே வேண்டாம்.

வாடகைக் கார் என்றால் கர்நாடகத்துக்குள் நுழையும் வரி யார் கட்டுவது என்பதை முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

பைக்கில் போகலாமா?

விரைவுச் சாலையில் 2023 ஆகஸ்ட் முதல் தேதியிலிருந்து இருசக்கர வண்டிக்கு அனுமதி இல்லை. சர்வீஸ் ரோட்டில் ஊர் ஊராக நுழைந்து போக வேண்டும். இருபது வயதில் போகலாம்.

ரயில், பஸ்?

தூத்துக்குடி–மைசூர் எக்ஸ்பிரஸ் சேலம், தருமபுரி, ஓசூர் வழியாகப் போகிறது. நடு ராத்திரி தாண்டித் தருமபுரியில் ஏறினால் காலையில் மைசூரில் இறங்கலாம். திரும்பும் வண்டி மாலையில் அங்கே கிளம்பும். படுக்கை வசதிக்குச் சீக்கிரமே பதிவு செய்யுங்கள். கஷ்டம் என்னவென்றால், காலையில் போய் இறங்கினால் மதியம் வரை அறை கிடைக்காது. சீக்கிரம் அறை தருவார்களா என்று ஓட்டலில் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கிருஷ்ணகிரிக்கு ரயிலே இல்லை என்ற பழைய வருத்தத்தை இங்கே கிளற வேண்டாம். பஸ்ஸில் போகிறவர்கள் பெங்களூரில் மைசூர் ரோடு சாட்டிலைட் பஸ் நிலையத்துக்குப் போய்விட்டால் மைசூர் வண்டி வந்துகொண்டே இருக்கும்.

எங்கே தங்குவது? ஓட்டலில் என்ன கேட்க வேண்டும்?

தேவராஜ் அர்ஸ் ரோடு, சயாஜி ராவ் ரோடு பக்கம் எல்லாவற்றுக்கும் வசதி, சத்தமும் அதே அளவு. யாதவகிரி, கோகுலம் பக்கம் அமைதி. கோகுலத்தில் யோகா கற்க வரும் வெளிநாட்டவர்கள் நிறைய, அதனால் சின்னச் சின்னக் காபிக் கடைகளும் நிறைய. ஆட்டோ பிடித்தால் அரண்மனை தூரமில்லை.

படத்தைப் பார்த்துப் பதிவு செய்யாமல் ஒரு போன் போடுங்கள். வெந்நீர் நாள் முழுக்க வருமா, காலை மட்டுமா? ஜன்னல் சாலையைப் பார்த்தா, பின்பக்கமா? காலை உணவு எத்தனை மணி வரை? இதில் யாரும் கேட்காத ஒன்று: ஓட்டலில் கல்யாண மண்டபம் சேர்ந்திருக்கிறதா? தை மாதம் முகூர்த்தக் காலம். உங்கள் அறைக்குக் கீழே வரவேற்பு நடந்தால் ராத்திரி பதினொன்று வரை பாட்டுக் கச்சேரி, விடிகாலை நாலுக்கு நாதஸ்வரம். ஓய்வெடுக்கப் போய், முன்பின் தெரியாதவர் கல்யாணத்துக்குக் கண்விழித்ததுதான் மிச்சமாகும்.

இரண்டு பேருடைய அசல் ஆதாரும் கையில் இருக்கட்டும், ஒருவருடையது மட்டும் போதாது.

அங்கே என்னென்ன பார்க்க வேண்டும்?

ஒரு வேளைக்கு ஒன்று. அதற்கு மேல் ஒன்று சேர்த்தால் அது சுற்றுலா பஸ் கணக்காகிவிடும். இதை நான் எவ்வளவு சொன்னாலும் யாரும் கேட்பதில்லை. போனதும் காலையில் மலை, பத்து மணிக்கு மிருகக்காட்சி சாலை, மதியம் அரண்மனை, மாலையில் பிருந்தாவனம் என்று நான்கையும் அடுக்கிவிட்டுக் கால்வலியோடு திரும்புகிறார்கள்.

ஞாயிறு மதியம் போய்ச் சேர்ந்ததும் சாப்பிட்டுவிட்டுத் தூங்குங்கள். ஆமாம், தூங்கத்தான். வீட்டில் பகல் தூக்கம் கிடைக்காதவர்களுக்கு அதைவிடப் பெரிய பிறந்தநாள் பரிசு கிடையாது. ஆறரைக்கு அரண்மனை. 1897-இல் பழைய மர அரண்மனை தீயில் போன பிறகு, ஹென்றி இர்வின் என்ற பிரிட்டிஷ் கட்டடக் கலைஞர் வரைபடத்தில் 1912-இல் கட்டி முடித்த கட்டடம் இது. ஞாயிறும் அரசு விடுமுறை நாட்களும் இரவு ஏழு மணியளவில் விளக்கு போடுவார்கள். அந்த நேரத்துக்கு முன்னால் மைதானத்தில் நின்றுகொள்ளுங்கள். இருட்டில் கரும் உருவமாக நிற்கும் கட்டடம், கோபுரம், வளைவு, மதில், வாசல் எல்லாம் ஏறக்குறைய ஒரு லட்சம் பல்பில் ஒரே சொடுக்கில் எரியும். ஒவ்வொன்றாக இல்லை, மொத்தமாக ஒரே நொடியில். அந்த நொடியில் கூட்டம் முழுக்க "ஓ" என்று ஒரு சத்தம் போடும், போன் வெளிச்சமெல்லாம் அதில் காணாமல் போய்விடும். மஞ்சள் விளக்கில் எல்லார் முகமும் நன்றாகத்தான் தெரியும். போட்டோ எடுக்க வேண்டிய இடம் அது.

திங்கள் காலை தேவராஜா மார்க்கெட். பூக்கார வரிசையில் மைசூர் மல்லிகையை அளந்து தருவார்கள். குங்குமக் கடையில் சிவப்பு, மஞ்சள், ஊதா, பச்சை என்று பொடிகளைக் கூம்பு கூம்பாகக் குவித்து வைத்திருப்பார்கள். வாங்காவிட்டாலும் நின்று பார்க்கலாம். மாலையில் சாமுண்டி மலை. ஆயிரத்துக்கும் மேல் படி உண்டு, ஏற வேண்டாம். காரிலோ பஸ்ஸிலோ மேலே போய்க் கும்பிட்டுவிட்டு, படி வழியாக நந்தி வரைக்கும் மட்டும் இறங்குங்கள். ஒரே பாறையில் செதுக்கிய 17-ஆம் நூற்றாண்டு நந்தி. காரில் போனவர்கள் வண்டியைச் சாலை வழியாக நந்திக்கு அனுப்பிவிட்டால் திரும்ப ஏறவேண்டியதும் இல்லை.

பிருந்தாவனத்துக்கு அணையும் இசை நீரூற்றும் பார்க்கப் போகலாம். அணை பார்த்து வளர்ந்த நமக்கு, கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணைப் பூங்காவில் மீன் வறுவல் சாப்பிட்ட நமக்கு, அதற்காக அரை நாளைக் கொடுக்கலாமா என்று யோசித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அவருக்குக் கோட்டை கொத்தளம் பிடிக்கும், எனக்குச் சும்மா இருந்தால் போதும். என்ன செய்வது?

பிரிந்து போங்கள். ஒரு காலை நேரம் அவர் ஸ்ரீரங்கப்பட்டணம் போய்வரட்டும். 1784-இல் கட்டிய தரியா தௌலத் அரண்மனைச் சுவரில் பொள்ளிலூர்ப் போர் ஓவியம் இருக்கிறது, சரித்திரப் பைத்தியங்களுக்கு இரண்டு மணி நேரம் போவதே தெரியாது. நீங்கள் ஓட்டல் வராந்தாவில் காபியோடு உட்காருங்கள், அல்லது ஜகன்மோகன் அரண்மனை ஓவியக் கூடத்துக்கு ஆட்டோவில் போங்கள். ரவிவர்மா ஓவியங்களும், ஹல்தன்கர் வரைந்த விளக்கேந்திய பெண்ணும் அங்கே. மதியம் இரண்டு பேரும் சாப்பாட்டு மேஜையில் சேரும்போது பேச ஏதாவது இருக்கும். நாள் முழுக்க ஒட்டிக்கொண்டே இருந்தால்தான் அன்பு என்று யார் சொன்னது?

கேக் வெட்ட வேண்டுமா? அறை அலங்காரம்?

ஆசை இருந்தால் வெட்டுங்கள். கிருஷ்ணகிரியிலிருந்து கேக்கைக் காரில் கொண்டுபோகாதீர்கள். வேகத்தடை ஒவ்வொன்றுக்கும் பெயர் எழுத்து ஒன்று அழியும், மைசூர் போவதற்குள் கிரீம் எல்லாம் மூடியில் இருக்கும். அங்கேயே தெருவுக்குத் தெரு ஐயங்கார் பேக்கரி உண்டு, அரைக் கிலோ போதும், இரண்டு பேர்தானே. கட்டிலில் ரோஜா இதழ் கொட்டி இதயம் போடுவதற்கு ஓட்டல்காரர்கள் தனிக் காசு வாங்குவார்கள். அந்த இதழை அப்புறம் பொறுக்குவது நீங்கள்தான். மெழுகுவத்தியும் வாணவேடிக்கைக் குச்சியும் அறைக்குள் கொளுத்தினால் புகை மணி அடித்து ஓட்டலே வாசலில் வந்து நிற்கும்.

நடு இரவு 12 மணிக்கு எழுப்பி வாழ்த்துச் சொல்வதும் கட்டாயமில்லை. காலை எட்டு மணிக்குச் சொன்னாலும் அதே பிறந்தநாள்தான்.

என்ன பரிசு வாங்கலாம்?

அவருக்கு அவளோ, அவளுக்கு அவரோ மைசூர்ப் பட்டு வாங்கித் தருவதுதான் இந்த ஊருக்கு வந்ததற்குப் பொருத்தம். அரசாங்க நெசவாலை 1912-இல் தொடங்கியது, மானந்தவாடி சாலையில் இருக்கிறது. கர்நாடகப் பட்டுத் தொழில் கழகத்தின் சொந்தக் கடையில் வாங்கினால் போலிப் பயம் இல்லை. விலை கையைக் கடிக்கும், ஆனால் காஞ்சிபுரம் போல விறைப்பாக நிற்காமல் உடம்போடு வழியும் துணி. ஒரு புடவையைத் தடவிப் பார்த்துவிட்டு வெளியே வருவது கஷ்டம்.

நமக்கு இதில் இன்னொரு பெருமையும் உண்டு. தருமபுரியில் பட்டுக்கூடு ஏல அங்காடியே இருக்கிறது. மல்பெரி போட்டிருக்கும் நம் விவசாயிகள் பலர் நல்ல விலை தேடி ராமநகரம் சந்தைக்கும் கூடு கொண்டுபோவார்கள். மைசூர் போகும் வழியில்தான் அந்த ராமநகரம். பட்டுப்புழு வளர்க்கும் வீட்டுப் பெண்ணுக்கு ஒரு பட்டுப் புடவை வாங்கித்தர இதைவிடப் பொருத்தமான இடம் எது?

ஆண்களுக்குச் சந்தன சோப்பு, சந்தன எண்ணெய் என்று கொடுத்துச் சமாளித்துவிடுகிறார்கள். பாவம்.

சாப்பாடு?

ஒரு வேளைக்கு மைசூர் மசாலா தோசை. உள்ளே சிவப்புச் சட்னி தடவியது. இன்னொரு வேளைக்கு மைலாரி தோசை, வெண்ணெய் மிதக்கும், மெத்தென்று இருக்கும், மொறுமொறுப்பை எதிர்பார்க்காதீர்கள். சாம்பாரில் வெல்லம் இருக்கும், நம் நாக்குக்கு முதல் நாள் ஒரு மாதிரி இருக்கும், இரண்டாம் நாள் பழகிவிடும். ராகி முத்தே கிடைக்கும்தான், ஆனால் தருமபுரிக்காரர்கள் அங்கே போய்க் களி சாப்பிடுவதாவது! பிறந்தநாள் இரவுச் சாப்பாட்டுக்கு மட்டும் நல்ல ஓட்டலில் மேஜை சொல்லி வையுங்கள். மற்றபடி போகிற போக்கில்.

குளிர் எப்படி?

நம் ஊர்க் குளிர்தான். ஓசூரில் இருப்பவர்களுக்கு அங்கே வெதுவெதுப்பாகக்கூட இருக்கும். ஒரு ஸ்வெட்டர், ஒரு சால்வை போதும். அரண்மனைக்குள் செருப்பைக் கழற்ற வேண்டும், காலையில் கல் தரை சில்லென்று இருக்கும் என்பதால் சாக்ஸ் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்.

செலவை எப்படிக் குறைப்பது?

பெரிய செலவு அறைதான். ஞாயிறு இரவு, திங்கள் இரவு என்று போனாலே சனிக்கிழமை விலையிலிருந்து தப்பித்துவிடுவீர்கள். ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய்க்குள் இருக்கும் அறைகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்திருக்கிறது, அதற்கு மேலே போனால் 18. 7,500-ஐ ஒட்டி விலை சொன்னால் இதைக் கணக்கில் வையுங்கள். புடவைக்குத் தனிப் பணம் எடுத்து வையுங்கள், பயணச் செலவோடு சேர்த்துப் பார்த்தால் நெஞ்சு வலிக்கும்.

இரண்டு நாள் லீவே கிடைக்காது. பக்கத்தில் ஏதாவது?

ஓசூரில் ஒரு ராத்திரி அறை எடுத்து, மறுநாள் பத்து மணிக்கு மேல் தளி வரை ஒரு கார் ஓட்டம். வெள்ளைக்காரர் காலத்தில் குட்டி இங்கிலாந்து என்று பெயர் வாங்கிய குளிர்ச் சீமை அது. தருமபுரிப் பக்கம் என்றால் வத்தல்மலை, காபித் தோட்டமும் மிளகுக் கொடியும் நம் மாவட்டத்திலேயே இருப்பது பலருக்குத் தெரியாது. ஒகேனக்கல்லும் பனிக்காலத்தில் நன்றாக இருக்கும். கர்நாடக அணைகளிலிருந்து அதிகம் தண்ணீர் வந்தால் பரிசல் ஓட்டத் தடை போடுவார்கள், கிளம்பும் முன் அன்றைய செய்தியைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் அங்கே தெரிந்தவர் நாலு பேரையாவது பார்க்காமல் திரும்ப முடியாது.

திரும்பும் நாளை எப்படி வைத்துக்கொள்வது?

காலை உணவு முடிந்ததும் பத்தரைக்குள் மைசூரை விட்டுக் கிளம்பிவிடுங்கள். போகும்போது விரைவுச் சாலை, வரும்போது பழைய சாலை. விரைவுச் சாலை எல்லா ஊரையும் தாண்டிக்கொண்டு போய்விடுவதால் மத்தூருக்குள் இறங்கினால்தான் சூடான மத்தூர் வடை கிடைக்கும். அரிசி மாவு, ரவை, மைதா, நிறைய வெங்காயம், தட்டையாகத் தட்டிப் பொரித்தது. உடைத்தால் படக்கென்று சத்தம் வரும். நம் தட்டு வடையை நினைத்துக்கொண்டு வாங்காதீர்கள், இது கை அகலம் இருக்கும். அடுத்து சன்னபட்டணா, சாயம் பூசிய மரப் பொம்மைக்குப் பேர்போன ஊர். விட்டுவிட்டு வந்த பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள், சண்டை வராமல் இருக்க ஒரே நிறத்தில்.

மதியம் மூன்று மணிக்குள் நைஸ் ரோட்டைத் தாண்டிவிட வேண்டும். ஐந்து மணிக்கு மேல் எலக்ட்ரானிக் சிட்டியில் கம்பெனி வண்டிகள் இறங்கினால் அத்திப்பள்ளி வருவதற்குள் இருட்டிவிடும். மாமியாருக்கும், மாடு கறந்த பங்காளிக்கும் மைசூர்பாகு ஒவ்வொரு பெட்டி. அதை மைசூரிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். ஓசூரில் வாங்கிப் பெட்டியை மாற்றினால் கண்டுபிடித்துவிடுவார்கள்.